எடுத்த கை

அத்தியாயம் 17

மூன்றாவது வெள்ளிக்கிழமை விடிந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் கத்தின.

வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்த சுந்தரம்மாள் வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். முதலில் ஒரு குரல், நூல் கணக்கில் மெல்லிசாக. பிறகு இன்னொன்று. அவற்றுக்குப் பதில் சொல்வதைப் போல, தொண்டைக்குள்ளேயே உருட்டிய ஒரு தாய்க்கோழியின் முனகல்.

அது செவலையின் குரல். போன வாரம் ஒரே ஒரு முறை கேட்டு, பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினாளே, அதே குரல். இன்றைக்குப் பிரமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தை மாதத்து வெள்ளைக்கழிச்சல் நோயில் அவள் வீட்டுக் கோழிகள் பதினொன்றில் பத்து போயின. மிஞ்சியது செவலை ஒன்றுதான். புருஷன் இறந்து ஒன்பது வருஷம். மகள் சுபலட்சுமி வாக்கப்பட்டு மதுரைக்குப் போய் ஆறு வருஷம். அந்த வீட்டில் சுந்தரம்மாள் வாய் திறந்தால் கேட்பதற்கு இருந்த ஒரே உயிர் அந்தக் கோழி. அதுவும் மூன்று வாரத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஞ்சாரக் கூடைக்குள் அடைய வரவில்லை.

ஒரு வாரம் தேடினாள். கம்மாக்கரை, கருவேலங்காடு, களத்துமேடு என்று கால் போன இடமெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். எவனோ ஒருவன் சாக்கோடு போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அது போதுமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கம்மாக்கரைக் கருப்பன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டாள்.

ஒற்றை ரூபாயைக் கல்லின் மேல் வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சாமியின் காலடியில் போடுவது. போடும்போது கேட்டது நடக்கும் என்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் நம்பிக்கை. "எங்கோழிய எடுத்த கை மூணு வெள்ளிக்குள்ள வெளங்காமப் போகணும்" என்று கேட்டிருந்தாள்.

வெட்டிய வெள்ளி ஒன்று. போன வெள்ளி இரண்டு. இன்று மூன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவள் கூடப்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டியின் வீடு.

சுந்தரம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். வைக்கோல் போரின் அடியில், ஓரமாக, மணல் பரப்பிய ஒரு கூடை. இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க ஓரத்தில் செருகிய இரும்புத் துண்டு, பக்கத்தில் நாலு காய்ந்த மிளகாய். நடுவில் செவலை உடம்பை உப்பி உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கு அடியிலிருந்து ஈரம் காயாத ஒரு தலை வெளியே வந்து, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டது.

கூடைக்கு முன்னால், கையில் நொய்யரிசிக் கிண்ணத்தோடு குத்துக்காலிட்டு இருந்தாள் அண்ணன் பெண்டாட்டி கனகா. மதினி என்று கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது.

உசிலம்பட்டி மண்டபத்தில் சுபலட்சுமியின் கல்யாணம். தாய்மாமன் சீரோடு வந்த வேன் வழியில் நின்றுபோனது. முகூர்த்தம் நெருங்கியது. புருஷன் வழிச் சொந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் நெருக்கினார்கள். தாய்மாமன் போட வேண்டிய மாலையை வேறொரு ஆளைப் போடச் சொல்லிவிட்டாள் சுந்தரம்மாள். கால் மணி நேரம் கழித்துத் தாம்பாளங்களோடு வந்து நின்ற தங்கப்பாண்டி மேடையைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த தட்டுகளைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். மறு மாதம் ஒரே வாசலின் நடுவே சுவர் எழும்பியது.

அதோடு பேச்சு நின்றது என்று ஊரில் சொல்வார்கள். பேச்சு எங்கே நிற்கிறது? நேராகப் போக வழியில்லாதபோது அது கோழி மேலும் ஆட்டின் மேலும் ஏறிக்கொள்கிறது. கனகா ஜாடை பேசுவதில் கெட்டிக்காரி.

"ஏ செவலை, ஏண்டி மெரளுற?" கனகா நிமிராமலே ஆரம்பித்தாள். "செவுத்து மேல தலை தெரிஞ்சதும் பருந்துன்னு நெனைச்சுக்கிட்டியா? பருந்து இல்லடி, ஒன் வீட்டுக்காரி."

பதிலுக்கு ஜாடை பேச சுந்தரம்மாளுக்கும் ஓர் உயிர் வேண்டும். தன் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு குருவிகூட இல்லை. மூலையில் சாய்ந்திருந்தது ஒன்றுதான்.

"ஏ வெளக்கமாறே! ஊரான் வீட்டுக் கோழிய ஒளிச்சு வச்சு அடை வச்சவுக பேசுற பேச்சக் கேட்டியா?"

கனகா சிரித்தாள். "வெளக்கமாத்துக்கிட்ட பேசுற நெலைமைக்கு வந்தாச்சா? ஏ செவலை, ஒன்னைய ஒளிச்சாடி வச்சோம்? ஒங்க வீட்டுல சேவலு செத்துப் போச்சு, எங்க சேவலத் தேடி நீயா செவுறு தாண்டி வந்த. போருக்குள்ள பதினொரு முட்டையிட்டு நீயா அடை படுத்த. ஆம்பளை இல்லாத வாசல்ல எவதான் இருப்பா?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று கனகாவுக்குத் தெரிந்தது. கிண்ணத்திலிருந்த நொய்யைக் கிளறினாள். குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

கனகா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டாம் நாளே நான் வெள்ளாட்டுக்குட்டிகிட்டத் தொண்டை கிழியச் சொன்னேன், செவலை எங்க போருலதான் அடை படுத்திருக்குன்னு. படார்னு டிவிச் சத்தத்தக் கூட்டுனது யாரு?"

சுந்தரம்மாளுக்கு நினைவு வந்தது. கனகாவின் குரல் சுவர் ஏறினாலே டிவி சத்தத்தைக் கூட்டுவது ஆறு வருஷத்துப் பழக்கம். என்ன சொல்கிறாள் என்று கேட்டதே இல்லை. ஏச்சாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து வைத்திருந்தாள்.

"கீரி வருதுன்னு அவுகதான், போருக்குள்ளருந்து முட்டைய ஒவ்வொண்ணா எடுத்து, அதே எடத்துலயே கூடை கட்டி ஒன்னையத் தூக்கி வச்சாக. பொரிச்சதும் கூடையோட செவுத்து மேல வச்சிருவோம், அவ எடுத்துக்கிருவான்னாக. அதுக்கு நீ செஞ்ச கைம்மாறு என்னா செவலை? தூக்குன கையில ஒரே கொத்து. பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல. சுகர் ஒடம்பு, ஆறுமா? போன வாரத்துல இருந்து வீங்கி மணிக்கட்டுக்கு மேல ஏறிருச்சு. விடிகாலையில மொத பஸ்ஸுக்கு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக."

"எந்தக் கை?"

கேட்டுவிட்டுத்தான், விளக்கமாற்றைப் பார்க்க மறந்துவிட்டோம் என்று சுந்தரம்மாளுக்கு உறைத்தது. கனகாவின் முகத்தைப் பார்த்தே கேட்டிருந்தாள்.

கனகாவும் ஒரு கணம் திகைத்துப் போனாள். பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்த குஞ்சிடம் சொன்னாள்.

"சோத்தாங்கை."

சுந்தரம்மாள் வாளியிலிருந்து இறங்கினாள்.

*

பங்குனி வெயில் பத்து மணிக்கே கம்மாக்கரையில் கானல் காட்டியது. கோயில் பூசாரி சின்னான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"வா தாயி. என்ன, கோழி கெடைச்சிருச்சா?"

"கெடைச்சிருச்சுண்ணே."

"பாத்தியா! கோர்ட்டுலன்னா வாய்தா வாய்தான்னு வருசக்கணக்கா இழுப்பான். நம்மாளு மூணே வெள்ளி." வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். "சாமிக்கு நேந்த சேவல எப்ப கொண்டாந்து விடுற?"

"வெட்டுன காசத் திருப்பணும்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "யாரு எடுத்தது?"

சுந்தரம்மாள் தண்ணீர் வற்றிய கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாளம் பாளமாக வெடித்த தரையில் இரண்டு கொக்குகள் எதற்கென்று தெரியாமல் நின்றன.

"எங்கண்ணன்."

சின்னான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஊரில் ஒரு பூசாரிக்குத் தெரியாத குடும்பக் கதை என்ன இருக்கிறது?

"வெட்டுறதுக்கு ஒரு ஆளு போதும் தாயி. திருப்புறதுக்கு ரெண்டு ஆளு வேணும். வெட்டுனவ செம்புல தண்ணி வச்சிருக்கணும். எடுத்தவன் இந்தக் கல்லுக்கு மேல கைய நீட்டணும். ஒங்கையால அந்தக் கையில தண்ணி ஊத்தி, அது கல்லு மேல விழுந்தா வெட்டு கழிஞ்சது."

"அவரு வரலைன்னா?"

"வரணும்."

"வேற யாராச்சும் அவருக்காக…"

"அந்தச் சோலியே வேணாம்." சின்னான் குரல் இறங்கியது. "கை மாறிச்சுன்னா வெட்டும் மாறிரும். நீட்டுன கை மேல போயி நிக்கும். பொழுது விழுகுறதுக்குள்ள அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் வந்து சேருங்க. இன்னைக்கோட மூணு வெள்ளி முடியுது."

திரும்பி வரும் வழியில் போன் அடித்தது. சுபலட்சுமி. மதுரையில் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் தேநீர் நேரம். எந்நாளும் இதே நேரந்தான்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"கோழி வந்துச்சா?"

"ம்."

"அப்பறம் என்ன, குரலு ஒரு மாதிரி இருக்கு?"

சுந்தரம்மாள் நடு வயலில் நின்றாள். சொல்லிவிடலாம். உன் மாமன் கைக்கு நான் வெட்டு வைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் யாரோ சேலை விலை கேட்கும் சத்தம் வந்தது.

"வெயிலு" என்றாள். "வச்சிரு. ஒனக்கு வேலை இருக்கும்."

*

பன்னிரண்டு மணி பஸ்ஸில் தங்கப்பாண்டி வரவில்லை. இரண்டரைக்கு வந்ததிலும் இல்லை. நிறுத்தத்துப் புங்கமரத்தடியில் சுந்தரம்மாள் உட்கார்ந்தே இருந்தாள். கடந்து போனவர்கள், "யாருக்குத்தா காத்திருக்க?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றாள். அவள் யாருக்காவது காத்திருப்பாள் என்று நினைத்தே பார்க்காதவர்கள்போல அவர்களும் மேற்கொண்டு கேட்காமல் போனார்கள்.

நாலரை மணி பஸ்ஸில் வந்தார். வலது கை துண்டில் தொட்டில் கட்டித் தொங்கியது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் ஊதாக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. இடது கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அவளைப் பார்த்தார். பார்க்காதவரைப் போல நடந்தார்.

சுந்தரம்மாள் இருபது அடி விட்டுப் பின்னால் நடந்தாள். பள்ளிக்கூடம் போன நாளில் அவர் முன்னால் போவார், இவள் பின்னால் ஓடுவாள். எட்டிப் பிடித்துவிட்டால், "வேகமாத்தான் வாயேன்டி" என்பார். இன்றைக்கு எட்டிப் பிடிக்கவும் பயம், பின்தங்கவும் பயம். செருப்புச் சத்தத்தை வைத்து அவள் வருவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு முறை நின்றார். அவளும் நின்றாள். பிறகு நடந்தார்.

வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்ததும் கனகாவிடம் சொன்னார். "காலையில மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணுமாம். கிழிச்சுப் பாத்தாத்தான் தெரியுமாம். வெரலு நிக்குமா போகுமான்னு அங்கதான் சொல்லுவாகளாம்."

கனகா கொண்டு வந்த தண்ணீர் பாதி கீழே சிந்தியது.

"அண்ணே."

வாசற்படியில் நின்ற சுந்தரம்மாளை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு சொல்லை ஆறு வருஷமாக உள்ளுக்குள்ளேயே வைத்திருந்ததில், அது வேறு யாருடைய குரலிலோ வந்ததைப் போலிருந்தது.

தங்கப்பாண்டி தரையைப் பார்த்தார். சுவரில் பல்லி கத்தியது.

"குஞ்சு ஒம்பது" என்றார் கடைசியில். "ரெண்டு கூமுட்டை. கூடையோட எடுத்துக்கிட்டுப் போ. ரெண்டு நாளைக்கு வெளிய விடாத."

"நான் காசு வெட்டிட்டேன்ணே."

அவர் தலை நிமிர்ந்தது.

"காணாமப் போன மறு வெள்ளியில, களவு போயிருச்சுன்னு நெனைச்சு வெட்டிட்டேன். எடுத்த கை மூணு வெள்ளிக்குள்ள…" மிச்சத்தைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூன்று பேரின் கண்ணும் அந்தக் கட்டின் மேல் இருந்தது.

"அடிப்பாவி" என்றாள் கனகா. ஜாடை இல்லை, நேராகவே.

தங்கப்பாண்டி இடது கையை உயர்த்தி அவளை அடக்கினார். "கோழி கொத்துனது அவ காசு வெட்டுறதுக்கு ஆறு நாளைக்கு முந்தி. டாக்டரு சுகருங்குறாரு."

"வீங்குனது எப்ப? அவ வெட்டுன பெறகுதான?"

"ஏ, சும்மா இரு."

"கழிக்கலாம்ண்ணே." சுந்தரம்மாள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள். "நீங்க வந்து கைய நீட்டுனாப் போதும். நான் தண்ணி ஊத்திருவேன். கழிஞ்சிரும்னு பூசாரி சொல்றாரு. பொழுது விழுகுறதுக்குள்ள போயிருவோம், வாங்க."

"நான் வரமாட்டேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அந்தக் கல்லுல கைய நீட்டுறது யாரு? எடுத்தவன். நான் எடுக்கலையே. ஒங்கோழிக்குக் காவல் இருந்தேன். இப்ப ஊருக்கு முன்னால திருடன்னு கைய நீட்டிக்கிட்டு நிக்கணுமா?" மூச்சு வாங்கியது. "அன்னைக்கு மண்டபத்துல எம்மாலைய எவனோ போட்டான். வாயத் தெறந்தேனா? இதையும் வாங்கிக்கிறணுமா? கை போனா நோயில போகட்டும். களவாணிக் கைன்னு பேரு வாங்கி அது பொழைக்க வேணாம்."

"தப்பு என்னுதுதான்ணே. அன்னைக்கும் என்னுதுதான்."

சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாக, சமைக்கும்போதும் படுக்கும்போதும் மனசுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம். சொன்னால் என்னவெல்லாமோ நடக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தங்கப்பாண்டி மெல்லச் சாய்ந்து, சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போ, சுந்தரம்."

*

வாசலில் நிழல் நீண்டுவிட்டது. சுந்தரம்மாள் தன் வீட்டுக்குள் போகவும் பிடிக்காமல், தெருவில் இறங்கவும் பிடிக்காமல் நின்றாள். அவர் வராமல் கோயிலுக்குப் போய்ப் பிரயோசனமில்லை. ஆனால் இங்கே நின்று பொழுது விழுவதைப் பார்ப்பதற்கும் நெஞ்சில் தெம்பில்லை.

பின்னால் கதவு சத்தம். கனகா வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். சுந்தரம்மாளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிக் கம்மாக்கரைப் பாதையில் நடந்தாள்.

சுந்தரம்மாளுக்கு விளங்கவில்லை. விளங்காமலே பின்னால் போனாள்.

இரண்டு பெண்களும் ஒற்றையடிப் பாதையில் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். செம்பிலிருந்து தளும்பிய தண்ணீர் புழுதியில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் காய்ந்தது. கூப்பிட்டால் திரும்பக்கூடிய தூரந்தான். மதினி என்று கூப்பிட இரண்டு முறை வாயெடுத்தாள். முடியவில்லை.

சூரியன் மேற்கே மலைக்கு ஒரு முழம் மேலே நின்றபோது கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சின்னான் அவர்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

"தங்கப்பாண்டி எங்கத்தா?"

"அவுக எதுக்கு வரணும்?" கனகா செம்பைச் சுந்தரம்மாளின் கையில் திணித்தாள். நேரே கல்லுக்கு முன்னால் போய் மண்டியிட்டு, வலது கையை நீட்டினாள். "கோழிய எடுத்தது நான்."

சுந்தரம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். சாணியும் அடுப்புக்கரியும் ஏறிய உள்ளங்கை. பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை.

சின்னானும் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. "இங்க பாரு கனகா. வெவரம் தெரிஞ்சுதான் நீட்டுறியா? கை மாறிச்சுன்னா…"

"தெரியும். ஊரே அறிஞ்ச சேதி, எனக்குத் தெரியாதா? ஊத்தச் சொல்லுங்க."

"சாமி முன்னால பொய் சொல்லக் கூடாது தாயி."

"நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன்."

வேப்பமரத்தில் காக்கைகள் அடையத் தொடங்கியிருந்தன. மலை முகட்டைச் சூரியன் தொட்டுவிட்டது. ஊற்றினால் இந்தக் கை. ஊற்றாவிட்டால் அந்தக் கை. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாரோ தன் முன்னால் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பதைப் போலிருந்தது சுந்தரம்மாளுக்கு. யாரிடம் கேட்பது? ஒன்பது வருஷமாக எதையும் யாரிடமும் கேட்டுச் செய்த வழக்கமில்லை.

கனகா தலையைத் திருப்பி, சுவர் எழும்பிய பிறகு முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பகை இல்லை. மிரட்டல் இல்லை. விடிந்தால் பெரியாஸ்பத்திரிக்குப் புருஷனைக் கூட்டிப் போகவேண்டிய ஒருத்தியின் பயம் மட்டும் இருந்தது.

"ஊத்து, சுந்தரம். பொழுது போகுது."

சுந்தரம்மாள் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விளிம்புக்கு வந்து பளபளத்தது. அதற்கு மேல் சாய்க்க அவள் கை வரவில்லை.